பத்து மில்லி பாட்டிலில் என்ன எழுதுவது? – வாசகர் கேள்வி பதில்

நறுமண எண்ணெய் விற்பனை பற்றி வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் லெமன்கிராஸ் பயிரிட்டு, சின்ன வடிகலன் வைத்து எண்ணெய் எடுக்கிறோம். 10 மி.லி. பாட்டிலில் அடைத்துப் பொருட்காட்சியில் விற்கப் போகிறோம். 10 மி.லி.க்கு லேபிளில் எதுவும் போட வேண்டாம் என்று ஒருவர் சொல்கிறார். உண்மையா?
– குழுத் தலைவி, அமிர்தி

பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

அவர் சொல்வது 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளை வைத்து. அளவிட்டு விற்கும் பொருள் 10 கிராம் அல்லது 10 மி.லி., அதற்கும் குறைவு என்றால் அந்த விதிகளிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அது எடையளவுச் சட்டம் தரும் விலக்கு மட்டுமே. உங்கள் எண்ணெயை உடம்பில் பூசுவதற்கென்று விற்றால், 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருட்கள் விதிகள் வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். அங்கே 10 மி.லி.க்கு முழு விலக்கு கிடையாது.

எனவே முதலில் குழுவில் உட்கார்ந்து ஒரு முடிவு எடுங்கள்: இந்த எண்ணெயை எதற்கு என்று சொல்லி விற்கப் போகிறீர்கள்? ஒரே எண்ணெய்தான். அறையில் மணக்க வைக்க என்றால் அது சாதாரணப் பொட்டலப் பொருள். தோலுக்கு, முடிக்கு என்றால் அழகுசாதனப் பொருள். உற்பத்தி உரிமம் வேண்டும். வலிக்கு, சளிக்கு என்றால் மருந்து. தேநீரில் ஒரு சொட்டு விடுங்கள் என்றால் உணவு. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இல்லாமல் விற்க முடியாது. எந்தச் சட்டம் என்பதைப் பாட்டிலுக்குள் இருப்பதைவிட லேபிளில் நீங்கள் எழுதும் ஒரு வரிதான் அதிகம் தீர்மானிக்கிறது.

அழகுசாதனம் என்று வைத்துக்கொள்வோம். 10 மி.லி. பாட்டிலில் கட்டாயம் இருக்க வேண்டியவை: பொருளின் பெயர், தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும் (பாட்டில் மிகச் சிறிது என்றால் பெயரும், தயாரிக்கும் ஊரும், பின்கோடும் போதும்), எந்த மாதம் எந்த ஆண்டுக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, ‘எம்’ என்ற எழுத்துக்குப் பின் உரிம எண், ஆபத்து இருக்கும் பொருளானால் எச்சரிக்கையும் பயன்படுத்தும் முறையும். திரவம் 25 மி.லி. வரை என்றால் பேட்ச் எண்ணுக்கும், 60 மி.லி.க்குக் குறைவு என்றால் உட்பொருள் பட்டியலுக்கும் விலக்கு உண்டு. வெளி அட்டைப்பெட்டி இல்லாமல் பாட்டிலாகவே விற்றால், உள் லேபிள், வெளி லேபிள் இரண்டுக்கும் உரிய விவரங்கள் அந்த ஒரே லேபிளில் வர வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

விலக்கு இருந்தாலும் பேட்ச் எண்ணைப் போடுங்கள். எல்.ஜி. 2606-02 என்றால் 2026 ஜூன், இரண்டாம் வடிப்பு. ஒவ்வொரு வடிப்பிலும் ஒரு பாட்டிலை விற்காமல் இருட்டான அலமாரியில் வையுங்கள். ஒரு வாடிக்கையாளர் தோல் தடித்துவிட்டது என்று வந்தால், எந்த வடிப்பு என்று தெரியாவிட்டால் முழு ஸ்டாக்கையும் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும்.

10 மி.லி.யை 15 மி.லி. ஆக்கினால் எடையளவு விதிகளும் முழுதாக வந்துவிடும்: பொதுப் பெயர், நிகர அளவு, தயாரித்த மாதம்-ஆண்டு, எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்ச விலை, ஒரு மி.லி.க்கு என்ன விலை என்ற அலகு விலை, புகார் சொல்ல வேண்டியவரின் பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல். 15 மி.லி. 450 ரூபாய் என்றால் அலகு விலை மி.லி.க்கு ரூ.30.00. கூடவே, பொட்டலம் போடத் தொடங்கிய 90 நாட்களுக்குள் பொட்டலமிடுபவராகப் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் 500 ரூபாய். தமிழ்நாட்டில் இந்தச் சட்டத்தைத் தொழிலாளர் துறைதான் அமல்படுத்துகிறது. அங்குள்ள அமலாக்கப் பிரிவு உதவி ஆணையர் அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: நான் எண்ணெய் தயாரிப்பதில்லை. வெளியூரிலிருந்து 5 கிலோ கேனாக வாங்கி 15, 30 மி.லி. பாட்டிலில் நிரப்பி, என் கடைப் பெயரில் லேபிள் ஒட்டி மற்ற கடைகளுக்கும் கொடுக்கிறேன். நிரப்புவதற்கெல்லாம் உரிமமா?
– வியாபாரி, லாங் பஜார், வேலூர்

உடம்பில் பூசுவதற்கு என்று விற்றால் ஆமாம். 1940-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தில் ‘உற்பத்தி’ என்ற சொல்லுக்குள் பொட்டலம் போடுவதும், லேபிள் ஒட்டுவதும், பெரிய அளவைப் பிரித்துச் சிறிதாக்குவதும் அடங்கும். கடையில் சில்லறையாக, கேட்பவருக்கு அப்போதே ஊற்றிக் கட்டிக் கொடுப்பது மட்டும் இதில் சேராது. நீங்களோ முன்கூட்டியே நிரப்பி, பெயர் போட்டு, மற்ற கடைகளுக்கு அனுப்புகிறீர்கள். சட்டத்தின் கண்ணில் நீங்கள் உற்பத்தியாளர்.

வழி இரண்டு. சொந்த இடத்தில் நிரப்புவதானால் சி.ஓ.எஸ்.-5 படிவத்தில் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு விண்ணப்பித்து, சி.ஓ.எஸ்.-8 படிவத்தில் உரிமம் பெறலாம். இடம் விதிகளுக்கு ஒத்ததாக இருக்க வேண்டும். பார்மசி டிப்ளமோ படித்தவரோ, வேதியியலோடு மேல்நிலை முடித்தவரோ போலத் தகுதியுள்ள ஒருவரின் மேற்பார்வையும் வேண்டும். பின்புறம் குடியிருந்துகொண்டு முன் அறையில் நிரப்புவது ஆய்வில் நிற்காது. இடமில்லாதவர்களுக்குக் கடன் உரிமம் என்று ஒன்று உண்டு: உரிமம் உள்ள வேறொருவரின் கூடத்தில் உங்கள் பொருளைத் தயாரிப்பது. அதற்கு விண்ணப்பம் சி.ஓ.எஸ்.-6, உரிமம் சி.ஓ.எஸ்.-9. மாதம் சில நூறு பாட்டில் விற்பவருக்கு இதுவே தோதுப்படும் என்பது எங்கள் கருத்து.

நிரப்பும்போது ஒரு விஷயம். எண்ணெய்க்கு எண்ணெய் அடர்த்தி மாறும். 10 மி.லி. லெமன்கிராஸ் சுமார் 8.9 கிராம், யூகலிப்டஸ் 9.1, சந்தனம் 9.7, வெட்டிவேர் ஏறக்குறைய 10, கிராம்பு 10.4. ஒவ்வொரு எண்ணெய்க்கும் அடர்த்தியைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, தராசில் நிறுத்து நிரப்புங்கள். அளவுக்குழாயில் ஊற்றினால் அக்னி நட்சத்திர மதியத்தில் விரிந்திருக்கும் எண்ணெய் இரவில் சுருங்கிக் குறையும். 50 மி.லி. வரையுள்ள பொட்டலத்துக்கு 9 விழுக்காடு வரை பிழையைச் சட்டம் பொறுத்துக்கொள்ளும். ஆனால் அது தனி பாட்டிலுக்கு. பல பாட்டில்களை எடுத்துச் சராசரி பார்த்தால், அது லேபிளில் போட்ட அளவுக்குக் குறையக் கூடாது. நிகர அளவுக்கு முன்னால் ‘சுமார்’, ‘குறைந்தது’ என்ற சொற்களும் கூடாது. தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட மறக்காதீர்கள்.

கேள்வி: யூகலிப்டஸ், லெமன்கிராஸ் கலந்த எண்ணெய். ‘மூட்டுவலி, சளி, தூக்கமின்மை தீரும், கொசு அண்டாது’ என்று போடலாமா? மற்ற பாட்டில்களில் எல்லாம் போட்டிருக்கிறார்களே?
– குடியாத்தம் வாசகர்

மற்றவர் போட்டிருப்பதைப் பார்த்துப் போடாதீர்கள். அவர்களிடம் மருந்து உரிமம் இருக்கலாம்; இல்லாமலும் இருக்கலாம். இரண்டாவது வகையாக இருந்தால் நீங்கள் பின்பற்றுவது அவருடைய தவறைத்தான்.

ஒரு நோயைப் போக்கும், தணிக்கும், வராமல் தடுக்கும் என்று எழுதிய உடனே அது மருந்து. உடம்பில் தடவும் கொசு விரட்டியும் சட்டத்தின் வரையறைப்படி மருந்துதான். இது பலருக்குத் தெரியாது. அறையில் கொசு விரட்ட என்றால் 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ்ப் பதிவு வேண்டும். ஆக ‘கொசு அண்டாது’ என்ற இரண்டு சொல்லுக்கு எந்தப் பக்கம் போனாலும் ஒரு கதவு காத்திருக்கிறது.

இன்னொன்று: 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டத்தில் ‘விளம்பரம்’ என்பதற்குள் லேபிளும் மேலுறையும் அடக்கம். அதன் அட்டவணையில் புற்றுநோய், நீரிழிவு, வலிப்பு, உடல்பருமன், வாதநோய் எல்லாம் உண்டு. டி.வி.யில் விளம்பரம் கொடுக்கவில்லையே என்று சொல்லித் தப்ப முடியாது. பாட்டிலில் ஒட்டிய காகிதமே விளம்பரம். வாட்ஸ்அப்பில் அனுப்பும் போஸ்டருக்கும் இதே கவனம் தேவை.

வலி நிவாரணம் என்றுதான் விற்க வேண்டுமென்றால் சித்த மருந்தாகவோ ஆயுர்வேத மருந்தாகவோ உரிமம் எடுக்கும் பாதை இருக்கிறது: 24-டி (D) விண்ணப்பம், 25-டி (D) உரிமம், அட்டவணை ‘டி’ (T) சொல்லும் நல்ல உற்பத்தி முறைகள். சிறு முதலீட்டுக்காரருக்கு அது பெரிய படி. அதுவரை ‘நறுமணத்துக்கு’, ‘தலைமுடிக்குப் பளபளப்பு’, ‘சருமத்துக்கு மென்மை’ என்ற எல்லைக்குள் நில்லுங்கள்.

கேள்வி: எங்கள் வாடிக்கையாளர்கள் எல்லாரும் தமிழர்கள். லேபிளைத் தமிழில் மட்டும் அச்சிடலாமா?
– சத்துவாச்சாரி வாசகி

எடையளவு விதிகளின்படி கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தாக வேண்டும். அதோடு தமிழும் போடத் தடையில்லை. நமக்குக் கசப்பாக இருந்தாலும் இன்றைய விதி இதுதான். தமிழில் மட்டும் அச்சிட்ட லேபிள் குறையுள்ள லேபிள். இடம் போதாவிட்டால் முகவரியை ஆங்கிலத்தில் மட்டும் போட்டு, எச்சரிக்கையையும் பயன்படுத்தும் முறையையும் இரு மொழியிலும் போடுங்கள். அதைப் படிக்க வேண்டியவர் வீட்டில் இருக்கும் பாட்டிதான்.

கேள்வி: அந்த எச்சரிக்கையில் என்னென்ன எழுத வேண்டும்? ‘வெளி உபயோகத்துக்கு மட்டும்’ என்பது போதாதா?
– காட்பாடி வாசகி

போதாது, அம்மா. இந்த எண்ணெய்கள் நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் மாதிரி இல்லை. மக்கள் ‘எண்ணெய்’ என்ற சொல்லைப் பார்த்து உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துவிடுகிறார்கள். அதனால் முதல் வரியே ‘நேரடியாகத் தோலில் தடவக் கூடாது, வேறு எண்ணெயில் கலந்தே பயன்படுத்தவும்’ என்று இருக்கட்டும்.

எவ்வளவு கலப்பது என்பதையும் சொல்லுங்கள். லெமன்கிராஸில் சிட்ரால் என்ற வேதிப்பொருள் அதிகம். தோலில் ஒவ்வாமை உண்டாக்கக் கூடியது. பாதுகாப்பு வழிகாட்டிகள் அதற்குச் சொல்லும் உச்சம் 0.7 விழுக்காடு. 30 மி.லி. தேங்காய் எண்ணெயில் சுமார் 4 சொட்டு என்று கணக்கு. மில்லிக்கு 20 சொட்டு என்பது தோராயம். உங்கள் பாட்டிலின் சொட்டு மூடியில் எத்தனை வருகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

பிழிந்தெடுத்த பெர்கமாட், எலுமிச்சைத் தோல் எண்ணெய்களுக்கு ‘தடவிய பின் 12 மணி நேரம் வெயில் படக் கூடாது’ என்பது அவசியம். வேலூர் வெயிலில் இதை விட்டால் தோல் கறுத்துப்போகும். ஆவியில் வடித்த எலுமிச்சைக்கு இந்தச் சிக்கல் அநேகமாக இல்லை; ஆகவே எப்படி எடுத்தது என்பதையும் லேபிளில் சொல்ல வேண்டும்.

யூகலிப்டஸ், கற்பூரம் சேர்ந்தவற்றுக்கு ‘கைக்குழந்தையின் மூக்கருகே, முகத்தில் தடவக் கூடாது’ என்று தனி வரி. எல்லாவற்றுக்கும் ‘குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும், விழுங்கினால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும்’. வாந்தி எடுக்கும்போது எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. அதனால்தான் இந்த வரியைத் தமிழில் எழுதச் சொல்கிறோம்.

கேள்வி: லேபிள் அச்சடித்து ஒட்டி ஒரே வாரத்தில் எழுத்து கரைந்து, காகிதம் எண்ணெய் குடித்துவிடுகிறது. உரிம எண்ணே தெரியவில்லை. என்ன செய்வது?
– ராணிப்பேட்டை வாசகர்

காகிதம்தான் காரணம், கூடவே மையும். இந்த எண்ணெய்கள் கரைப்பான் போல வேலை செய்பவை. இன்க்ஜெட் மையைக் கரைக்கும், சாதாரணக் காகிதத்தில் ஊறும், ஸ்டிக்கர் பசையையும் இளக்கும். பில் போடும் தெர்மல் காகிதத்தில் அச்சிட்டால் இன்னும் மோசம். எண்ணெய் பட்ட இடத்தில் எழுத்து மங்கும், அல்லது காகிதமே கறுக்கும்.

பி.பி. எனப்படும் பாலிப்ரொப்பிலீன் படலத்தில் அச்சிட்டு, மேலே லேமினேஷன் போடச் சொல்லுங்கள். தேதியும் பேட்ச் எண்ணும் கடைசியில் தனியாக அச்சாவதால் அவைதான் முதலில் அழியும். தெர்மல் டிரான்ஸ்ஃபர் இயந்திரத்தில் ரெசின் ரிப்பன் போட்டு அச்சிட்டால் நிற்கும். மெழுகு ரிப்பன் மலிவுதான், ஆனால் தாங்காது. மொத்தமாக ஆர்டர் கொடுக்கும் முன் பத்து லேபிளை ஒட்டி, உங்களிடம் இருப்பதிலேயே காரமான எண்ணெயை ஒரு சொட்டு மேலே விட்டு, ஒரு நாள் கழித்து விரலால் தேய்த்துப் பாருங்கள்.

அளவு: வழக்கமான 10 மி.லி. பழுப்புக் கண்ணாடி பாட்டிலின் விட்டம் சுமார் 25 மி.மீ., சுற்றளவு 78 மி.மீ. லேபிள் நீளம் 72 மி.மீ. வைத்தால் சின்ன இடைவெளி விட்டு நிற்கும். உள்ளே எவ்வளவு மிச்சம் என்று அந்த இடைவெளியில் தெரியும். விளிம்பு விளிம்பின் மேல் ஏறினால் அந்த இடத்தில் உரியத் தொடங்கும்.

லேபிள் நன்றாக இருந்தும் ஊறினால் குற்றவாளி மூடி. ரப்பர் பல்ப் வைத்த சொட்டுக்குழாயோடு விற்பவர்கள் பலர். எண்ணெய் ஆவி ரப்பரைப் பிசுபிசுப்பாக்கி, அது எண்ணெயில் கரைந்து இறங்கும். உள்ளே சொட்டுத் தடுப்பு பிளாஸ்டிக் செருகி, திருகு மூடி போட்ட பாட்டிலை வாங்குங்கள். கழுத்து வரை நிரப்பாமல் இடம் விடுங்கள்.

கேள்வி: விலை ஏற்றினோம். பழைய லேபிள் மேல் புது விலை ஸ்டிக்கர் ஒட்டலாமா?
– வாலாஜா வாசகர்

கூடாது. விலையைக் குறைப்பதற்கு மட்டும் ஸ்டிக்கர் ஒட்டலாம்; அப்போதும் பழைய விலை மறையக் கூடாது.

கேள்வி: ‘100 சதவீதம் சுத்தமான மல்லிகை எசென்ஷியல் ஆயில்’ என்று ஒருவர் மலிவாகத் தருகிறார். சந்தன எண்ணெயும் தருகிறாராம். என் பெயரில் லேபிள் போட்டு விற்கலாமா?
– ஆம்பூர் வாசகர்

எசென்ஷியல் ஆயில் என்பது ஆவியில் வடித்தோ, தோலைப் பிழிந்தோ எடுக்கும் எண்ணெய். மல்லிகையை ஆவியில் வடித்தால் மணம் சிதையும். அதனால் ஹெக்சேன் போன்ற கரைப்பானில் ஊற வைத்து, முதலில் ‘கான்கிரீட்’ என்ற மெழுகுப் பொருளாகவும், அதிலிருந்து ‘அப்சல்யூட்’ ஆகவும் எடுக்கிறார்கள். அப்சல்யூட் மிக விலையுள்ளது. பெயரும் எசென்ஷியல் ஆயில் அல்ல. மலிவாக வருவது அநேகமாகச் செயற்கை வாசனை எண்ணெய். அதை விற்பதில் தவறில்லை. ‘மல்லிகை வாசனை எண்ணெய்’ என்று உண்மையை எழுதி விற்கலாம். ‘100 சதவீதம் சுத்தம்’ என்று உங்கள் பெயரில் போட்டால் தவறான உரிமைகோரலுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், கேனில் கொடுத்தவர் இல்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

சந்தனத்தில் இன்னும் கவனம். நம் ஜவ்வாது மலைச் சந்தனம், திருப்பத்தூர் அரசுக் கிடங்கு என்று பெயர் சொல்லி விற்பதைக் கேட்டிருப்பீர்கள். நம் சந்தனத்தின் தாவரப் பெயர் சான்டலம் ஆல்பம். சர்வதேசத் தரத்தின்படி அதன் எண்ணெயில் மணம் தரும் வேதிப்பொருட்களான ஆல்ஃபா சான்டலால் 41 முதல் 55 விழுக்காடு, பீட்டா சான்டலால் 16 முதல் 24 விழுக்காடு இருக்க வேண்டும். ஆஸ்திரேலியச் சந்தனம் வேறு இனம், இந்த அளவுகளும் வேறு. ‘மேற்கிந்தியச் சந்தனம்’ என்ற அமைரிஸ் சந்தனக் குடும்பமே இல்லை. ஆகவே கேனோடு அந்த பேட்ச்சின் ஜி.சி. (எண்ணெயில் எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் ஆய்வகச் சோதனை) அறிக்கையையும் முறையான பில்லையும் கேளுங்கள். தாவரப் பெயரை லேபிளில் போடுங்கள். அறிக்கை தரத் தயங்குபவரிடம் சந்தனம் வாங்க வேண்டாம்.

கேள்வி: மகள் ஜெர்மனியில் இருக்கிறாள். எங்கள் ஆரஞ்சு, யூகலிப்டஸ், லெமன்கிராஸ் எண்ணெய்களை அங்கே விற்க நினைக்கிறாள். இங்கே ஒட்டிய லேபிளோடு கூரியரில் அனுப்பலாமா?
– வாணியம்பாடி வாசகர்

இங்குள்ள லேபிள் அங்கே செல்லாது. தோலுக்கு என்றால் ஐரோப்பாவில் ஒரு ‘பொறுப்பாளர்’, பாதுகாப்பு மதிப்பீட்டு அறிக்கை, இணையப் பதிவு மூன்றும் முன்கூட்டியே தேவை. லினலூல், லிமோனீன், சிட்ரால் போன்ற ஒவ்வாமைப் பொருட்கள், தோலில் தங்கும் பொருளில் 0.001 விழுக்காட்டையும் கழுவிவிடும் பொருளில் 0.01 விழுக்காட்டையும் தாண்டினால் பெயர் சொல்லி எழுத வேண்டும். 2023-இல் இந்தப் பட்டியலை நீட்டிவிட்டார்கள். புதுப் பொருட்களுக்கு 2026 ஜூலை 31 முதல் அது பொருந்தும்.

அறை நறுமணத்துக்கு என்றால் இன்னொரு சட்டம்: ஜெர்மன் மொழியில் அபாயச் சொற்கள், சிவப்பு விளிம்புச் சாய்சதுரக் குறிகள். கலவையாக இருந்தால் 16 எழுத்து-எண் கொண்ட குறியீடும் உண்டு. ஆரஞ்சு எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் ஆபத்து என்ற வகையில் வருவதால், குழந்தை திறக்க முடியாத மூடியும், பார்வையற்றோர் விரலால் உணரும் முக்கோணப் புடைப்பும் வேண்டும்.

கூரியரில் தீப்பற்று வெப்பநிலையைக் கேட்பார்கள். 60 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே என்றால் எரியக்கூடிய திரவம், மூன்றாம் வகை ஆபத்துச் சரக்கு. ஆரஞ்சும் யூகலிப்டஸும் 50 டிகிரிக்கு அக்கம்பக்கம் வருகின்றன. லெமன்கிராஸ் பெரும்பாலும் 60-ஐத் தாண்டிவிடும். ‘ஹெர்பல் ஆயில்’ என்று எழுதி அனுப்பினால் ஸ்கேனரில் பிடித்து நிறுத்துவார்கள். ஒவ்வொரு எண்ணெய்க்கும் பாதுகாப்புத் தகவல் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, ஆபத்துச் சரக்கை ஏற்கும் முகவரிடம் பேசுங்கள். தொடக்கமாக லெமன்கிராஸை மட்டும் அனுப்பிப் பார்ப்பது செலவு குறைவான வழி.